நாடித் துடிப்பு நோட்டு

2024 அக்டோபரில், மாவட்டத் தடகளப் போட்டிக்குப் பதினாறு நாள் இருந்தபோது, என்னிடம் 800 மீட்டர் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்த பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தது.

புதுக்கோட்டைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் இருபது வருடமாக உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். எங்கள் மைதானத்தில் 400 மீட்டர் தடம் போட இடம் கிடையாது. 200 மீட்டர் சுற்றுக்குச் சுண்ணாம்புப் பொடி தூவிக் கோடு போடுவோம். ஒரு மழை பெய்தால் கோடு கரைந்துவிடும், மறுபடி போடுவோம். அந்தப் பெண் பத்தாம் வகுப்பு. குறுவட்டப் போட்டியில் முதலில் வந்தவள். அதற்குப் பிறகு வாரத்தில் ஐந்து நாள், காலை ஆறு மணிக்கு நான் கேட்டைத் திறக்கும்போதே வாசலில் நிற்பாள். செப்டம்பர் கடைசியில் 2 நிமிடம் 32 விநாடியில் ஓடினாள். நான்கு வளைவு கூடுதலாக இருக்கிற மண் தரையில் அது நல்ல டைமிங்.

முதல் இரண்டு நாள் சாதாரணக் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம். மூன்றாம் நாள் ரத்தப் பரிசோதனையில் டெங்கு என்று வந்தது. ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. ஆறாம் நாள் காலை ஷூ போட்டுக்கொண்டு மைதானத்துக்கு வந்து நின்றாள். எனக்கு அப்படியொரு சந்தோஷம். இன்னும் பத்து நாள் இருக்கிறது, இன்று மெதுவாக இரண்டு ரவுண்டு, நாளைக்கு நான்கு என்று மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

நல்லவேளை, அன்று காலையிலேயே நிலவேம்புக் குடிநீர் கொடுக்கக் கிராம சுகாதாரச் செவிலியர் பள்ளிக்கு வந்திருந்தார். அவள் முகத்தைப் பார்த்தவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். வயிறு வலிக்கிறதா, வாந்தி வந்ததா, ஈறில் ரத்தம் வந்ததா என்று வரிசையாகக் கேட்டார். வயிறு வலிக்கிறது என்றாள். அதை வீட்டிலும் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஓட விடமாட்டோம் என்ற பயம்.

“காய்ச்சல் விட்ட அப்புறம் வர்ற ஒண்ணு ரெண்டு நாள்தான் சார் டெங்குல பயமே. இவளப் போயி ஓட வைக்கிறீங்களே” என்றார் செவிலியர்.

இத்தனை வருடம் விளையாட்டுப் பிள்ளைகளோடு இருந்தும் எனக்கு அது தெரியாது. காய்ச்சல் விட்டால் குணமாகிவிட்டது என்றுதான் நம் எல்லாருக்கும் நினைப்பு. டெங்குவில் அந்த நேரத்தில்தான் ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும், பிளேட்லெட் சரசரவென்று இறங்கும். அன்று மதியம் அவளுக்கு 42,000 இருந்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. நான்கு நாள் மருத்துவமனையில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். ஒவ்வொரு மாலையும் போய் வெளியே நின்றுவிட்டு வருவேன்.

வீட்டுக்கு வந்த மறுநாளே ஆரம்பித்துவிட்டாள். “ஓடட்டுமா சார்?” போட்டிக்கு ஐந்து நாள் இருந்தது. கூடப் படிக்கும் பையன்கள் செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டியிருக்கிறார்கள். அந்த ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்க ஓட்டக்காரர் நோவா லைல்ஸ் கொரோனாவோடு 200 மீட்டர் இறுதிப் போட்டி ஓடி வெண்கலம் வாங்கியது. “அவரு ஓடலையா சார்?” என்றாள். ஓடினார்தான். 19.70 விநாடி. முடித்ததும் தரையில் படுத்துவிட்டார், சக்கர நாற்காலியில் வைத்துக் கூட்டிப்போனார்கள், அதோடு அவருடைய ஒலிம்பிக்கும் முடிந்தது. வீடியோவின் அந்தப் பாதியையும் அவளுக்குப் போட்டுக் காட்டினேன். அவள் சமாதானம் ஆகவில்லை.

அவளிடம் சொல்லாத காரணம் ஒன்று எனக்கு இருந்தது. பல வருடம் முன்னால் ஒரு பையன். நல்ல ஓட்டக்காரன். வைரஸ் காய்ச்சலில் படுத்து எழுந்து மூன்றே நாள் ஆகியிருந்தது. “முடியும் சார்” என்றான், நானும் சரி என்று விட்டுவிட்டேன். 400 மீட்டரில் கடைசி வளைவு தாண்டியதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். வைரஸ் காய்ச்சல் சிலருக்கு இதயத் தசையையும் பாதிக்கும், அந்த நேரத்தில் கடுமையாக ஓடினால் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் சொன்னபோதுதான் எனக்குத் தெரிந்தது. பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் மறுபடி ஓட வரவில்லை. அவன் அம்மா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

மற்ற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மாவட்டப் போட்டிக்குப் போனேன். 800 மீட்டருக்கு முன்னால் மைக்கில் அவள் பெயரை மூன்று முறை கூப்பிட்டார்கள். நான் மேசைக்குப் போய், வரவில்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். முதலில் வந்த பெண்ணின் டைமிங் 2:31. திங்கட்கிழமை அவள் கேட்ட முதல் கேள்வியே அதுதான். பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது. சொல்லவில்லை. “நான் 2:32 ஓடினேன்ல சார்” என்றாள். அப்புறம் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பி.இ.டி. பீரியடில் வகுப்பிலேயே தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருப்பாள். அதைத் தாங்கிக்கொள்வதும் இந்த வேலையில் ஒரு பகுதி என்று இப்போது சொல்கிறேன், அன்றைக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

எட்டாம் நாள் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுத்தேன். காலையில் கண் விழித்ததும், படுக்கையை விட்டு எழாமல், மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணி எழுதச் சொன்னேன். உடம்பு நன்றாக இருந்தபோது 60 இருந்தது. முதல் பக்கத்தில் 84, 82, 85. பத்து நாள் படுக்கையில் கிடந்தாலே ரத்தத்தின் அளவு குறைந்துவிடும், அதே வேலைக்கு இதயம் அதிகம் அடிக்க வேண்டியிருக்கும். எனக்காக நீ ஓடாமல் இருக்க வேண்டாம், இந்த எண் இறங்கும்வரை மட்டும் பொறு என்றேன். அவள் அம்மாவும் தினமும் கூட உட்கார்ந்து கடிகாரம் பார்த்தாராம். களையெடுக்கப் போகிற அவசரத்திலும் அந்த ஒரு நிமிடம்.

மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு நவம்பர் நடுவில் நடக்க ஆரம்பித்தாள். வெறும் நடை, பத்து நிமிடம். டெங்கு அசதி வாரக்கணக்கில் இருக்கும். சில நாள் நடந்து முடித்ததும் மரத்தடியில் படுத்துவிடுவாள், நான் விசிலைப் பையில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எண் கூடினால் அன்று நடையும் கிடையாது. டிசம்பர் முதல் வாரத்தில் 64 வந்தது. அன்று ஒரு ரவுண்டு ஓட்டம், ஒரு ரவுண்டு நடை என்று நான்கு சுற்று. முந்தின நாள் மழையில் கோடு கரைந்துபோயிருந்தது. பழகிய காலுக்கு வளைவு தெரிந்திருந்தது. ஸ்டாப்வாட்ச் என் கையில்தான் இருந்தது, நான் அமுக்கவில்லை.