புல்லட்டுக்குப் புது ஹெட் ஸ்டெடி
பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட் 350, ஒற்றை சிலிண்டர், அதிர்வு கூடப்பிறந்தது. இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டை ஃப்ரேமோடு பிணைக்கும் தகடுதான் ஸ்டெடி, அது தளர்ந்தால் இன்னும் மோசம். எங்கள் மண்டபம் ஊர்ப் பக்கம் உப்புக்காற்று வேறு, பழைய தகட்டைத் துரு தின்று போல்ட் ஓட்டையே நீண்டுவிட்டது. வெளி மார்க்கெட்டில் கிடைக்கும் தடிமனான தகடு வாங்கிப் போட்டேன்.

முதலில் இன்ஜின் மவுண்ட் போல்ட்டுகள் அத்தனையையும் முறுக்கிவிட்டு, கடைசியில்தான் ஸ்டெடியை மாட்ட வேண்டும். தகட்டுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே சின்ன இடைவெளி தெரிந்தால் ஸ்பேனரைப் போட்டு இழுத்துப் பிடிக்காதீர்கள், வாஷர் கொடுத்து நிரப்புங்கள். இல்லையென்றால் ஹெட்டுக்கு எந்நேரமும் ஒருபக்க இழுவைதான். ஸ்டெயின்லெஸ் போல்ட் என்றால் மரையில் கொஞ்சம் கிரீஸ், கடற்கரைக்காரர்களுக்கு இது கட்டாயம்.

பாம்பன் பாலம் வரை ஓட்டினேன். ஹேண்டில்பார் நடுக்கம் குறைந்திருக்கிறது, போகவில்லை. போகவும் போகாது, புல்லட்தானே! அப்புறம், கொஞ்சம் ஓடியதும் நட்டுகளை மறுபடி முறுக்கிப் பாருங்கள்.