மார்பரி பெட்டிய பிரிச்ச ஊரு

நானும் கொஞ்ச வருஷம் வெளிநாட்டுல கான்ட்ராக்ட்ல வேலை பாத்தவன்தான், போய் ஆறு மாசம் ஆகியும் பெட்டியில பாதி துணிய வெளிய எடுக்கவே இல்ல, எப்ப வேணா கெளம்ப சொல்லிடுவாங்கன்னு ஒரு நெனப்பு. அதனாலயோ என்னவோ அமெரிக்க பாஸ்கெட்பால் பிளேயர் ஸ்டெஃபான் மார்பரி கதைய நான் பாஸ்கெட்பால் கதையா பாக்கறதே இல்ல, வேலைக்கு போன ஆளோட கதையாதான் பாப்பேன்.

நியூயார்க் கோனி ஐலண்ட் பையன். அமெரிக்காவோட பெரிய பாஸ்கெட்பால் லீக் NBA, அதுல டீமுங்க புது பசங்கள வரிசையா தேர்ந்தெடுக்குற 1996 டிராஃப்ட்ல 4வது ஆளா எடுத்தாங்க, சிறந்த ஆட்டக்காரங்க மட்டும் ஆடுற ஆல்-ஸ்டார் மேட்ச்சுக்கு ரெண்டு தடவ தேர்வானாரு. ஆனா 2008-09ல ஏறத்தாழ 2 கோடி டாலர் சம்பளத்துல இருந்தும் சொந்த ஊரு டீம் நியூயார்க் நிக்ஸுக்கு ஒரு மேட்ச் கூட ஆடல, கோச்சோட ஒத்துப்போகல, ஒக்கார வெச்சுட்டாங்க. சம்பளம் வருது, வேலை இல்ல. அது எவ்வளவு அசிங்கமா இருக்கும்னு ஆபீஸ்ல பெஞ்ச்ல இருந்தவங்கள கேட்டா சொல்லுவாங்க.

2010 ஜனவரில சீனாவுக்கு போனாரு. போன எடம் ஷாங்காய் எல்லாம் இல்ல, ஷான்ஷி, நிலக்கரி தோண்டுற மாகாணம், அதுவும் நல்ல குளிர் காலத்துல. அப்ப அங்க ஒரு டீமுக்கு ரெண்டு வெளிநாட்டுக்காரங்க, ஒரு மேட்ச்ல இருக்குற 4 குவார்ட்டர்ல ரெண்டு பேரும் சேர்த்து 6 குவார்ட்டர்தான் ஆடலாம்னு கணக்கு, டீம் தோத்தா மொதல்ல டிக்கெட் போட்டு அனுப்புனது இவங்களத்தான். அவரும் அந்த சீசனோட ஷான்ஷிய விட்டு ஃபோஷான் போனாரு, அடுத்த வருஷம் பெய்ஜிங் டக்ஸ். ரெண்டு வருஷத்துல மூணு ஊரு, மூணு டீம். இந்த எடத்துல நானா இருந்தா ஊரப் பாத்து கெளம்பியிருப்பேன், நெஜமா சொல்றேன்.

2012 சீன லீக் ஃபைனல்ல எதிர்ல குவாங்டாங் டீம், அதுக்கு முன்னாடி 8 சீசன்ல 7 தடவ சாம்பியன். பெய்ஜிங் 4-1ன்னு ஜெயிச்சுது, அந்த டீமுக்கு அதான் மொத பட்டம், கடைசி மேட்ச்ல இவரு மட்டும் 41 பாயிண்ட். அரங்கத்துக்கு வெளிய அவருக்கு சிலை வெச்சுட்டாங்க, ஆளு அப்ப இன்னும் ஆடிக்கிட்டே இருந்தாரு! 2014, 2015லயும் கப் வந்துச்சு. ஆனா எனக்கு இதெல்லாம் விட பிடிச்சது, அவரு பெய்ஜிங் சப்வேல சாதாரண ஆளுங்களோட போய் வந்துட்டு இருந்தாரு. சீன மொழி பெருசா வரல, மொழிபெயர்ப்பாளர் கூடவே இருந்தாரு. பாஷை வராட்டியும் அந்த ஊரு ஆளா ஆயிட்டாரு. சீனாவுல நிரந்தரமா தங்குறதுக்கான கிரீன் கார்டு கூட குடுத்தாங்க, அங்க அது லேசுல கெடைக்காது.

2017ல டக்ஸ் நீ இனிமே பிளேயரா வேணாம், வேணும்னா கோச்சிங் பக்கம் வான்னாங்க. எந்த ஆபீஸ்லயும் வயசானவங்களுக்கு வர்ற அதே பேச்சு. இவரு இன்னும் ஒரு வருஷம் ஆடணும்னு அதே ஊருல இருக்குற இன்னொரு டீம், பெய்காங்ல போய் சேர்ந்தாரு. 2018 பிப்ரவரில கடைசி மேட்ச், 41 வயசு ஆக இன்னும் ஒம்பது நாள். மறு வருஷம் அந்த க்ளப்புக்கே ஹெட் கோச்.