திட்டு இன்னும் கரை சேரவில்லை

நவம்பர் 9
புயல் வருகிறது. மதியத்திலிருந்து அலை ஏறிக்கொண்டே இருக்கிறது. கரையை அளக்கிற ஏழு குறுக்குக்கோடுகளிலும் மணலில் கம்பி அடித்து வளையம் போட்டாயிற்று. மணல் இறங்கினால் வளையமும் கூடவே இறங்கும், ஏறினால் புதைந்து கிடக்கும். இந்த அளவீட்டுத் திட்டம் தொடருமா என்ற கடிதம் வரவில்லை.

நவம்பர் 10
தூங்கவில்லை. அலை அளக்கும் மிதவை கடைசியாக அனுப்பிய அலைக்காலம், ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடைவெளி, 7 விநாடி. குட்டையான, செங்குத்தான அலை. கரையைச் சுரண்டும் அலை.

நவம்பர் 12
பெர்ம், அதாவது அலை குவித்த மணல் மேடு, இருந்த இடத்தில் இடுப்பளவுக்கு வெட்டி எடுத்த சுவர் மாதிரி மணல் நிற்கிறது. கிட்டப் போய் நின்றால் விளிம்பு பொலபொலவென்று உதிர்கிறது.

நாலாவது கோட்டில் வளையத்தைக் கையாலேயே தோண்டினேன். மண்வெட்டி வைத்தால் அடுக்கு கலைந்துவிடும். மேலே வெளிர் மணல், புதிதாகப் படிந்தது, உள்ளங்கையில் ஒட்டவே இல்லை. அப்புறம் திடீரென்று விரலில் வேறு மாதிரி பட்டது. கனமாக, நறநறவென்று. ஒரு விரல் தடிமனுக்குக் கருமணல், இல்மனைட்டும் கார்னெட்டும், ஊதா கலந்த கறுப்பு. அதன் மேலேயே வளையம் படுத்திருந்தது. புயல் லேசானதையெல்லாம் அள்ளிக்கொண்டு போய், தூக்க முடியாததை மட்டும் விட்டுவைத்த தரை அது.

பழைய மட்டத்திலிருந்து வளையம் வரை 47 செ.மீ. வளையத்துக்கு மேல் 19. நான் இன்று மட்டும் வந்து மட்டம் பார்த்திருந்தால் 28 செ.மீ. இறங்கியிருக்கிறது என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன். நடுராத்திரியில் 47 வரை போய்விட்டுத் திரும்பி வந்தது வளையத்துக்கு மட்டும்தான் தெரியும்.

நவம்பர் 13
தண்ணீர்ப் பகுதியும் அளந்தாயிற்று. மாணவி கழுத்தளவு நீரில் கம்பம் பிடித்தாள்.

நவம்பர் 14
நாலாவது கோட்டில் கரை இழந்தது கரை நீளத்தில் மீட்டருக்கு 38 கன மீட்டர் மணல். வெளியே கடலுக்குள் புதிதாக எழும்பியிருக்கும் மணல் திட்டில் 29. மீதி 9 எங்கே?

பக்கவாட்டில் போயிருக்கலாம். ஆனால் அலை ஏறக்குறைய நேர்குத்தாகத்தான் வந்தது. ஏறக்குறைய என்று எழுதும்போதே உறுத்துகிறது. கரையோர மணல் ஓட்டம் உடையும் அலை உயரத்தின் 2.5 அடுக்கில் போகிறது. உயரத்தில் 10 சதவீதம் தவறினால் மணலில் 27 சதவீதம் தவறும். கோணம் இன்னும் மோசம். நேர்குத்துக்கு இந்தப் பக்கம் ஒரு டிகிரியா, அந்தப் பக்கம் ஒரு டிகிரியா என்பதிலேயே மணல் போகும் திசை மாறிவிடும். இந்த லட்சணத்தில் 9 பக்கவாட்டில் போனது என்று எந்த முகத்தோடு எழுதுவது? ஆழத்துக்குப் போயிருக்கலாம், நாங்கள் அளக்கிற எல்லைக்கு அப்பால். போயிருந்தால் அது இந்தக் கரைக்குத் திரும்புவது சுலபமில்லை. 29 திரும்பும். மெதுவாக, வாரக்கணக்கில், ஆனால் திரும்பும். 9 தான் என்னைத் தூங்க விடவில்லை. பதினோரு வருட மாதாந்திர அளவுகளில் எந்தப் புயலுக்குப் பிறகும் இவ்வளவு பெரிய ஓட்டை விழுந்ததில்லை.

நவம்பர் 15
எனக்குக் கற்றுக்கொடுத்த சார் ஆஸ்பத்திரியிலிருந்து பேசினார். குரல் பாதியாகியிருக்கிறது. என்னைப் பேசவே விடவில்லை. “திட்டு எங்கம்மா நிக்குது?” என்றார். கரையிலிருந்து 110 மீட்டரில், சார். “அப்பச் சரி. நீண்ட அலை வரட்டும், நகரும்.” 9 பற்றிச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரும் தூங்கமாட்டார்.

நவம்பர் 16
சல்லடை நாள். உப்புப் போகக் கழுவி, உலர்த்தி, 100 கிராம் நிறுத்து, ஷேக்கரில் 15 நிமிடம். ஒவ்வொரு தட்டாகக் கவிழ்த்துத் தூரிகையால் மெல்லத் தட்டி நிறுக்க வேண்டும். கண்ணியில் சிக்கிய மணியை ஊசியால் குத்தித் தள்ளுகிறவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. கண்ணி விரிந்தால் அதற்குப் பிறகு வருகிற எல்லா எண்ணும் பொய்.

கரை மணலின் நடு அளவு 0.24 மி.மீ.யிலிருந்து 0.31க்கு ஏறிவிட்டது. திட்டில் 0.21. போனது சன்னம், நின்றது பருமணல். கூட்டிப் பார்த்தால் 99.9 கிராம். சல்லடையில் கணக்கு நேராகிறது. கடற்கரையில் ஆகவில்லை.

நவம்பர் 18
கடிதம் இல்லை.

இன்று வகுப்பில் ஷீல்ட்ஸ் வளைவு. தரையில் கிடக்கும் மணி எந்த இழுவிசையில் முதலில் அசையும் என்பது. ஒவ்வொரு வருடமும் நடத்துகிற பாடம்தான், இந்த வருடம் கரும்பலகையில் பெயரை எழுதியபோது கை நின்றுவிட்டது. ஆல்பர்ட் ஷீல்ட்ஸ் அமெரிக்கர், பெர்லினில் 1936இல் முடித்த முனைவர் ஆய்வு அது. ஊர் திரும்பினார், இந்தத் துறையில் வேலை கிடைக்கவில்லை. நெளிவு அட்டைப்பெட்டி செய்யும் இயந்திரங்களை வடிவமைத்துக்கொண்டே வாழ்க்கையைக் கழித்தார். மணல் படிக்கிற அத்தனை பேரும் தன் பெயரைச் சொல்கிறார்கள் என்பதை ஆண்டுக்கணக்கில் அறியாமலே இருந்தார். பிள்ளைகளிடம் இதைச் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. தொண்டை அடைத்தது.

நவம்பர் 19
அட்டைப்பெட்டி. நாள் முழுக்க அதே நினைப்பு.

நவம்பர் 21
மாணவி காலையில் வந்து நின்றாள். கண் சிவந்திருந்தது. “மேடம், அன்னிக்கு நாலாவது கோட்டுல இறங்கினதுமே கம்பத்தோட அடித்தட்டு கழண்டு போச்சு. அப்படியே அளந்துட்டேன். சொல்லணும்னு நினைச்சு நினைச்சு...”

கோபம் வரவில்லை. அந்தக் குளிரில், தலைக்கு மேல் உடைகிற அலையில், யார் திரும்பிப் போய்த் தட்டைத் தேடுவார்கள்? உட்கார வைத்து அன்று எத்தனை இடத்தில் அளந்தாள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். அப்புறம் இரண்டு பேரும் கரைக்குப் போனோம். பத்து இடத்தில் தட்டோடு ஒரு முறை, தட்டில்லாமல் ஒரு முறை. வெறும் கம்பம் 4 முதல் 8 செ.மீ. வரை புதைகிறது, சராசரி 6. தண்ணீர்ப் பகுதி 150 மீட்டர். 0.06 பெருக்கல் 150.

9.

கம்பம் புதைந்தால் தரை தாழ்வாகத் தெரியும், திட்டு சின்னதாகத் தெரியும். மணல் எங்கேயும் போகவில்லை, எங்கள் கம்பத்துக்கு அடியில்தான் இருந்திருக்கிறது.

இரவு
இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது பயமாக இருக்கிறது. 13ஆம் தேதி இருந்த தரை புயல் அப்போதுதான் கொட்டிவிட்டுப் போனது, இன்னும் பொதபொதவென்று இருந்திருக்கும். இன்றைய தரை எட்டு நாள் அலை பட்டு இறுகியது. அன்று 10 கூடப் புதைந்திருக்கலாம். திட்டின் எண்ணை 38 என்று திருத்தி எழுதும் உரிமை எனக்கு இல்லை. 29 என்றே எழுதி, தட்டு கழன்றதையும் எழுதி, பிழை எல்லையை விரித்துப் போடுவேன். அசிங்கமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

நவம்பர் 24
சாருக்கு நாளை அறுவை சிகிச்சை.

நவம்பர் 25
போனை மேசையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். மாலை ஆறரைக்கு அவர் மகள் பேசினாள். கண் விழித்துவிட்டாராம்.

நவம்பர் 28
அலைக்காலம் 13 விநாடி! உயரம் முக்கால் மீட்டர்தான். இதற்காகத்தான் காத்திருந்தேன். இந்த அலை ஆழம் குறைந்த இடத்துக்கு வந்ததும் முகடு கூராகும், பள்ளம் தட்டையாகும். கரையை நோக்கி ஒரு சுருக்கான தள்ளு, கடலை நோக்கி நீளமாக, சோம்பலாக ஒரு இழுவை. மணி தள்ளுக்கு அசையும், இழுவைக்கு அவ்வளவாக அசையாது. புயலில் மணலை வெளியே இழுத்துப் போன அடியோட்டம் இப்போது இல்லை.

திட்டு 94 மீட்டரில். 16 மீட்டர் வந்திருக்கிறது.

டிசம்பர் 2
திட்டம் 31ஆம் தேதியோடு முடிகிறது. வாயால் சொன்னார்கள். கடிதம் பின்னால் வருமாம். கருவிகளை அதற்குள் ஒப்படைக்க வேண்டும்.

டிசம்பர் 3
எதுவும் எழுதத் தோன்றவில்லை.

டிசம்பர் 5
சார் வீட்டுக்கு வந்துவிட்டார். பார்க்கப் போனேன். முடிகிறது என்பதைச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, சுவர் மூலையைக் காட்டினார். இரண்டு கம்புகள். கடல் ஆய்வாளர் எமரி 1961இல் சொன்ன முறை, எனக்கு முதல் வருடம் அவர் கற்றுக்கொடுத்தது. ஒரே உயரக் கம்புகள், நடுவே ஒரு கயிறு. கரைப்பக்கக் கம்பில் கண்ணை வைத்து, கடல்பக்கக் கம்பின் உச்சியும் தொடுவானமும் ஒரே கோட்டில் வரும் இடத்தைப் பார்க்க வேண்டும். நம் கம்பின் உச்சியிலிருந்து அந்த இடம் வரை உள்ள இறக்கம்தான் கரையின் இறக்கம். மின்கலம் வேண்டாம், கையெழுத்து வேண்டாம். கம்புகளில் அவர் கையால் போட்ட செ.மீ. கோடுகள் இன்னும் அழியவில்லை.

“கழுத்தளவுக்கெல்லாம் இறங்காதே. முழங்கால் வரைக்கும் போதும்” என்றார்.

டிசம்பர் 9
திட்டு 61.

டிசம்பர் 14
விடிகாலையில் தனியாகப் போனேன், கம்புகளோடு. முதலில் தொடுவானம் தெரியவில்லை, மூட்டம். காத்திருந்தேன். ஆறே காலுக்குக் கோடு தெளிந்தது. நாலாவது கோட்டை மூன்று முறை நடந்தேன், மூன்றும் 2 செ.மீ.க்குள் ஒத்துப்போகின்றன.

திட்டின் உச்சி தண்ணீருக்கு மேல் தெரிகிறது, ஈரமாக, ஒரு மாட்டின் முதுகு மாதிரி. அதற்கும் கரைக்கும் நடுவே உள்ள ஓடையில் இறங்கினேன். தண்ணீர் கெண்டைக்காலுக்குத்தான் வருகிறது. ஜனவரி அளவுக்குத் தாழ்நீர் நேரம் பார்க்க வேண்டும்