சென்று வாருங்கள்

செவ்வாய்க்கிழமை என்றால் கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலில் நிற்க இடம் கிடைக்காது. வேதக்காரர், சைவக்காரர், பௌத்தர் எல்லாரும் வருவார்கள். நானும் வேலைக்குப் போகும் வழியில் காலைப் பூசைக்குப் போவேன். ஆனால் இறுதி ஆசீர் வரைக்கும் நின்றதில்லை. நன்மை, அதாவது நற்கருணை, வாங்கியதும் பக்கக் கதவால் இறங்கி நடந்துவிடுவேன். புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் பதினொரு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். எட்டரைக்கு மேசையில் இருக்க வேண்டும்.

இந்தத் தவக்காலத் தியானத்தில் பாதர் ஒன்று சொன்னார். பூசையை ஆங்கிலத்தில் 'மாஸ்' என்கிறோமே, அது 'மிஸ்ஸா' என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்ததாம். அனுப்புவது என்பதுதான் வேர். 'மிஷன்' என்பதும் அதே வேர்தான். கடைசியில் குருவானவர் "சென்று வாருங்கள்" என்கிறாரே, பூசைக்கே அந்த இடத்திலிருந்துதான் பெயர். அந்த ஒரு சொல்லைக் கேளாமல்தான் இத்தனை வருடமும் ஓடியிருக்கிறேன்.

அன்றிலிருந்து யோசேவ் வாஸ் முனிவர் மனதை விட்டுப் போகவில்லை. 2015 ஜனவரியில் காலிமுகத்திடலில் பாப்பரசர் அவரைப் புனிதராக அறிவித்தபோது நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். கோவாவில் பிறந்தவர். ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல், கூலியாள் கோலத்தில் யாழ்ப்பாணத்தில் வந்து இறங்கினார். பத்து வருடம் கழித்துக் கண்டியில் அம்மை பரவியபோது, சனம் விட்டுவிட்டு ஓடிய நோயாளிகளைக் கழுவித் துடைத்து, இறந்தவர்களைத் தன் கையால் புதைத்தார்.

கூலியாள் கோலம். அதை நினைத்தபோதுதான் எங்கள் கடையில் மூட்டை தூக்கும் நாட்டாமை கண்ணில் பட்டார். மலையகத்திலிருந்து வந்தவர், அறுபது வயதிருக்கும். தினமும் கைவண்டியில் மூட்டை கொண்டுவந்து இறக்குவார். நானும் தினமும் 'நாட்டாமைக் கூலி' என்று எழுதித் தொகையைப் போடுவேன். பெயர் கேட்டதில்லை.

அன்று அவர் இடது காலில் சாரத் துண்டொன்று சுற்றியிருந்தது. துணியில் மஞ்சளாக ஊறியிருந்தது, வாடையும் அடித்தது. "என்னண்ணே இது?" என்றேன். "சீனி வருத்தம் மிஸ். ஆறுதில்ல" என்று சொல்லி, பொலித்தீன் பையிலிருந்து கிளினிக் கொப்பியை எடுத்து நீட்டினார். எல்லாம் சிங்களத்தில் இருந்தது. வாசிக்கத் தெரியாமல் தவணையை விட்டிருக்கிறார், மூன்று கிழமைக்கு முன்னமே.

அடுத்த செவ்வாய் முதலாளியிடம் அரைநாள் லீவு கேட்டு, அவரோடு பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். அந்தோனியாரிடம் போகவில்லை. அது மனதை உறுத்தத்தான் செய்தது, மறைக்கமாட்டேன். வாங்கில் நகர்ந்து நகர்ந்து மூன்று மணித்தியாலம் இருந்தோம். மருந்து கட்டும்போது அந்தத் துணி புண்ணோடு ஒட்டிக்கொண்டிருந்தது. நர்ஸ் தண்ணீர் விட்டு விட்டு மெல்ல எடுத்தா. அவர் சத்தமே போடவில்லை, என் கைப்பையின் வாரை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்குத்தான் கண் கலங்கியது.

இப்போது ஆசீர் முடியும் வரைக்கும் நிற்கிறேன். நேற்று அவர் வண்டியைக் கடை வாசலில் நிறுத்திவிட்டுக் கொப்பியை நீட்டினார். அடுத்த தவணை வெள்ளிக்கிழமை. கணக்குக் கொப்பியின் மேல் மூலையில் குறித்துக்கொண்டேன்.