கரும்பலகைக் குறிப்புகள்: கோத்தகிரி

நவம்பர் 4, செவ்வாய்

மழை. காலையில் எழுதியதை மத்தியானத்துக்குள் இரண்டு முறை கழுவிவிட்டது. ஜெராக்ஸ் கடை வாசலில் நாளுக்கொரு பொன்மொழி எழுதி வைப்பது மூன்று வருடப் பழக்கம். இன்று பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர்: நீ சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை, ஆனாலும் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக உயிரையும் கொடுப்பேன்.

உயிர்வாழ் சான்றுக்காக ஆதார் நகல் எடுக்க வந்த பெரியவர் (தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்) கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இதை வால்டேர் சொல்லவில்லையே அம்மா" என்றார். எனக்குச் சுருக்கென்றது.

நவம்பர் 6, வியாழன்

தேடிப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. வால்டேர் இறந்தது 1778இல். அந்த வாக்கியம் அச்சில் வந்தது 1906இல். எழுதியவர் ஈவ்லின் பியாட்ரிஸ் ஹால் என்ற ஆங்கிலேயப் பெண்மணி. அவருக்குப் புனைபெயர் வேறு, எஸ். ஜி. டாலன்டயர் என்று. ஹெல்வெட்டியஸ் என்பவரின் நூலை எரித்தபோது வால்டேரின் மனநிலை இப்படித்தான் இருந்தது என்று காட்ட எழுதினாராம். மேற்கோள் குறி போட்டுவிட்டார், அவ்வளவுதான். ஊரே அதை வால்டேர் வாயில் வைத்துவிட்டது.

நவம்பர் 7, வெள்ளி

அதே வாக்கியத்தை மறுபடி எழுதி, கீழே ஹால் பெயரைப் போட்டேன். யாரும் நின்று படிக்கவில்லை. செவ்வாயன்று அத்தனை மழையிலும் மூன்று பேர் செல்போனில் படம் பிடித்தார்கள்! சாயங்காலம் ஒரு பள்ளி மாணவி மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டாள். "அக்கா, பேச்சுப் போட்டிக்கு. வால்டேர் என்றே போட்டுக்கொள்ளட்டுமா? இந்தப் பெயரைச் சொன்னால் யாரும் கைதட்ட மாட்டார்கள்."

என்ன சொல்ல? சிரித்து அனுப்பிவிட்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

இப்போது எதை எழுதினாலும் சந்தேகம். "நீ காண விரும்பும் மாற்றமாக நீயே இரு" என்று காந்தி பெயரில் எத்தனை முறை எழுதியிருப்பேன்! அந்த வடிவில் அவர் எழுத்தில் எங்கும் கிடைக்கவில்லையாம். அதற்கு நெருக்கமாக 1913இல் 'இந்தியன் ஒப்பீனியன்' இதழில் எழுதியிருக்கிறார்: நாம் மாறினால் உலகத்தின் போக்கும் மாறும், மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று காத்திருக்க வேண்டாம் என்கிற கருத்தில். அது எந்தக் கட்டுரையில் வருகிறது தெரியுமா? பாம்புக்கடிக்கு என்ன செய்வது என்ற கட்டுரையில்! தேயிலைத் தோட்டத்துக்காரர்கள் நிறைய வரும் கடை இது. பாம்போடு சேர்த்தே எழுதினேன். இதற்கு நல்ல கூட்டம்.

நவம்பர் 15, சனி

புறநானூறு 192. 'யாதும் ஊரே' பாட்டுக்குப் பதின்மூன்று அடிகள். முதலடி எல்லா மேடையிலும் ஒலிக்கிறது. மிச்சத்தைச் சீந்துவாரில்லை. நான் கடைசி அடிகளை எழுதினேன்:

பெரியோரை வியத்தலும் இலமே,
சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே.

வேண்டுமென்றே பெயர் போடவில்லை. பெரியவர் குடையை மடக்கிவிட்டு, நிதானமாக இரண்டு முறை படித்தார்.

"யார் சொன்னது என்று போடவில்லையே அம்மா?"

"மழையில் அழிந்துவிட்டது ஐயா" என்றேன்.

அன்றைக்கு மழையே இல்லை. அவர் வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நகலுக்கு நான்கு ரூபாய் வைத்துவிட்டுப் போனார்.