ஷூ லேஸும் 214-உம்

ஜூலை 8, செவ்வாய்
மறுபடியும் வந்தது. ஷூ லேஸ் கட்டக் குனிந்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அம்மா, நெஞ்சு படபடங்குது." கழுத்து துடிப்பது கண்ணுக்கே தெரிந்தது. மணிக்கட்டைப் பிடித்து எண்ணப் பார்த்தேன், முடியவில்லை, அவ்வளவு வேகம். ஏழெட்டு நிமிடம். நின்றதும் எழுந்து, "பஸ் போயிடும்" என்கிறாள்! மூன்று மாதத்தில் இது நான்காவது தடவை. அப்பத்தா பாண்டி கோயிலுக்குக் கூட்டிப்போகச் சொல்கிறார். போன மாதமே போய் வந்தாயிற்று.

ஜூலை 11, வெள்ளி
அண்ணா நகரில் குழந்தைகளுக்கான இதய டாக்டர். இ.சி.ஜி., எக்கோ இரண்டும் சரியாக இருந்தன. ரத்தசோகை, தைராய்டு பார்க்க ரத்தம் எடுத்தார்கள். டாக்டர் என்னை விட்டுவிட்டு அவளிடம், "எப்படித் துடிக்குது, மேஜையில தட்டிக் காட்டு" என்றார். சீராக, படுவேகமாகத் தட்டினாள். கொஞ்சம் கொஞ்சமாக ஏறுமா? "இல்ல, சுவிட்ச் போட்ட மாதிரி." ஓடும்போது மயங்கியிருக்கிறாளா, குடும்பத்தில் சின்ன வயதில் யாராவது திடீரென்று இறந்தார்களா என்றும் கேட்டார். இரண்டும் இல்லை. திங்கட்கிழமை ஹோல்டர் மாட்ட வரச் சொன்னார், ஒரு நாள் முழுக்க இதயத்துடிப்பைப் பதிவுசெய்யும் கருவி.

ஜூலை 14, திங்கள்
நெஞ்சில் ஒட்டுகள், வயர்கள், இடுப்பில் செல்போன் அளவில் ஒரு பெட்டி. 24 மணி நேரம் குளிக்கக் கூடாது. படபடப்பு வந்தால் நேரத்தை எழுதிவைக்க வேண்டும். சீருடைக்குள் மறைத்துக்கொண்டு பள்ளிக்குப் போனாள். சாயங்காலம் நோட்டில் ஒரே வரி: "11.40, கணக்கு டீச்சர் கேள்வி கேட்டாங்க."

ஜூலை 17, வியாழன்
ஹோல்டர் ரிப்போர்ட் வந்தது. 11.40-க்கு நிமிடத்துக்கு 132 துடிப்பு, மெல்ல ஏறி மெல்ல இறங்கியிருக்கிறது. வெறும் பயம்தான். தூக்கத்தில் 58 வரை இறங்கியதும் இயல்புதானாம். ரிப்போர்ட் நார்மல் என்று அவள் அப்பாவுக்கு நிம்மதி. எனக்கு எரிச்சல். கரண்ட் போச்சு என்று லைன்மேனைக் கூப்பிட்டால், அவர் வாசலுக்கு வரும்போது பல்பு எரியுமே, அந்தக் கதைதான். டாக்டரும் அதையே சொன்னார்: மாதத்துக்கு ஒருமுறை வருவதை ஒரு நாள் கருவியில் எதிர்பார்க்க முடியாது. இப்போது தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய கருவி ஒன்று கொடுத்திருக்கிறார்கள். படபடப்பு வந்ததும் இரண்டு கட்டைவிரல்களையும் அதன் மேல் 30 விநாடி வைக்க வேண்டும், அவ்வளவுதான். நார்மன் ஹோல்டர் 1940களில் செய்த முதல் கருவியை முதுகில் சுமக்க வேண்டுமாம், சுமார் 38 கிலோ. இவள் எடையே 31.

ஜூலை 29, செவ்வாய்
வந்தது. பள்ளியில். கருவி வீட்டு பீரோவில். இனி அது பையிலேயே இருக்கும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு
ஆடிப்பெருக்கு. தேங்காய் சாதம் கிளறிக்கொண்டிருந்தேன். "அம்மா, வந்திருச்சு!" குரலில் பயமே இல்லை, திருடனைப் பிடித்தவள் போல. நான் ஓடுவதற்குள் கட்டைவிரல்களை வைத்துவிட்டாள். 214. சாதம் அடிப்பிடித்துவிட்டது.

ஆகஸ்ட் 6, புதன்
கருவி பதிந்த துடிப்பின் கோட்டை டாக்டர் பார்த்ததும், "இதுதான் எனக்கு வேணும்" என்றார். எஸ்.வி.டி., இதயம் திடீரென்று படுவேகமாகத் துடிக்கும் கோளாறு. இதயத்தில் கூடுதலாக ஒரு மின்பாதை. துடிப்பு அதில் புகுந்து சுற்றிச் சுற்றி வருகிறது. அடிக்கடி வந்தால் மாத்திரை. பின்னால் அந்தப் பாதையைச் சுட்டுவிடவும் வழி உண்டு. இப்போதைக்கு வந்தவுடன் உட்கார்ந்து, ஊசியில்லாத 10 மில்லி சிரிஞ்சின் முனையில் வாய் வைத்து, உள்தண்டு நகரும் அளவுக்கு 15 விநாடி முக்கி ஊத வேண்டும். அதிலும் நிற்காவிட்டாலோ மயங்கினாலோ நேராக ஆஸ்பத்திரிக்கு.

ராத்திரி அப்பத்தாவும் சிரிஞ்சை வாங்கி ஊதிப் பார்த்தார். தண்டு அசையவில்லை. "பல்செட்டைக் கழட்டிட்டு ஊதணும்டி" என்கிறார்.