எல்லையோரத்தில் வேலை, தொலைவில் கிளினிக்கல் பார்மசி படிப்பு

இந்தியாவில் பார்மசி முதுகலையான எம்.ஃபார்ம் பட்டத்தைத் தபால்வழியிலோ ஆன்லைனிலோ படிக்க முடியாது. யு.ஜி.சி.யின் 2020ஆம் ஆண்டு விதிகள் மருத்துவம், செவிலியம் போன்றவற்றோடு பார்மசியையும் தொலைநிலைக் கல்விக்கு வெளியே வைத்திருக்கின்றன. ‘வேலை பார்த்துக்கொண்டே எம்.ஃபார்ம்’ என்று பஸ் ஸ்டாண்ட் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தால், முன்பணம் கட்டாமல் நகர்ந்துவிடலாம். பி.ஃபார்ம் முடித்தவர்களுக்கான ஃபார்ம்.டி. 3 ஆண்டு முழுநேரப் படிப்பு. வேலையை விட முடியாது, ஆனால் வார்டில் மருந்தைப் பற்றிப் பேசும் தகுதி வேண்டும் என்கிறவர்களுக்கு மிஞ்சுவது வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையில் நடத்தும் கிளினிக்கல் பார்மசி முதுகலைதான். தமிழ்நாடு–கேரள எல்லையில், மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை வட்டாரத்தில் இந்தப் பாதையில் போகிறவர்களுக்காக இந்தக் குறிப்பு.

பிரிட்டனில் பெல்ஃபாஸ்டின் குயின்ஸ், கீல், அபர்தீனின் ராபர்ட் கார்டன் ஆகிய பல்கலைக்கழகங்கள் பார்மசிஸ்டுகளுக்குத் தொலைநிலை முதுகலை நடத்திவந்திருக்கின்றன. சில படிப்புகள் அந்நாட்டு அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். ஊழியர்களுக்கு மட்டும். அதனால் பாடத்திட்டத்துக்கு முன்னால் சேர்க்கைத் தகுதியைப் படியுங்கள். அமைப்பு எங்கும் ஒன்றே: 60 கிரெடிட் சான்றிதழ், 120 டிப்ளமோ, 180 எம்.எஸ்சி. ஒரு கிரெடிட் என்றால் 10 மணி நேர உழைப்பு என்பது கணக்கு. ஆண்டுக்கு 60 கிரெடிட், பாடம் நடப்பது 40 வாரம் என்று வைத்தால் வாரத்துக்கு 15 மணி நேரம். நைட் டூட்டி உள்ளவர்கள் இதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். முதலில் சான்றிதழுக்கு மட்டும் சேர்ந்து, பிறகு தொடர்வதே எங்கள் பரிந்துரை.

விண்ணப்பத்துக்குப் பட்டச் சான்றிதழ், எல்லா ஆண்டு மதிப்பெண் பட்டியல், பார்மசி கவுன்சில் பதிவுச் சான்று, வேலை செய்யும் இடத்தின் கடிதம், இரண்டு பரிந்துரைக் கடிதங்கள், ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் ஆகியவை தேவைப்படும். ஐ.இ.எல்.டி.எஸ். என்றால் பெரும்பாலும் 6.5 கேட்பார்கள். நம் பக்கத்துச் சிக்கல் பதிவுச் சான்றில்தான். படித்தது தமிழ்நாட்டில், பதிவு தமிழ்நாடு கவுன்சிலில், வேலை திருவனந்தபுரத்தில் என்று பலர் இருக்கிறார்கள். கேரளக் கவுன்சிலுக்குப் பதிவை மாற்றாமலோ, புதுப்பிக்காமலோ விட்டிருந்தால் அதை முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள். வேலைக் கடிதமும் பதிவுச் சான்றும் வெவ்வேறு மாநிலத்தைக் காட்டினால் அங்கிருந்து விளக்கம் கேட்பார்கள். அதற்குள் சேர்க்கைத் தேதி போய்விடும்.

கட்டணத்தை வங்கி வழியாகப் பவுண்டில் அனுப்பும்போது ஏ2 படிவத்தில் காரணம் குறிக்க வேண்டும். வெளிநாட்டுக்குப் போய்ப் படிப்பது வேறு, இங்கிருந்தே தபால்வழியில் படிப்பது வேறு. சரியான வரியைக் காட்டச் சொல்லி டிக் செய்யுங்கள்.

பணம் கட்டும் முன் முடித்தே ஆக வேண்டிய வேலை ஒன்று உண்டு. கேஸ் ஷீட்டைப் பார்க்க எழுத்துப்பூர்வ அனுமதி. மற்றதையெல்லாம் ராத்திரி உட்கார்ந்து படித்துவிடலாம், நோயாளியைப் படிக்க முடியாது. மதிப்பீட்டில் கணிசமான பகுதி உங்கள் கையில் வரும் நோயாளிகளைப் பற்றியது: கேஸ் ரிப்போர்ட், மருந்து மறுஆய்வு, ஆடிட். ஆஸ்பத்திரி பார்மசி கவுண்டரில் இருப்பவருக்கு வார்டுக்குள் போக வழி இருக்கிறதா? மெடிக்கல் ஸ்டோர் வைத்திருப்பவருக்கு லேப் ரிப்போர்ட் கிடைக்குமா? மெடிக்கல் சூப்பரின்டெண்டென்ட் கையெழுத்திட்ட அனுமதியும், கேஸைப் பார்த்துக் கையெழுத்துப் போட ஒரு டாக்டரோ மூத்த கிளினிக்கல் பார்மசிஸ்டோ ஒப்புக்கொள்வதும் இல்லாமல் சேர்ந்தவர்கள்தான் பாதியில் நிற்கிறார்கள். “பார்த்துக்கலாம்” என்ற வாய்வார்த்தை, நிர்வாகம் மாறினால் செல்லாது.

மெடிக்கல் ஸ்டோர்க்காரர்கள் மனம் தளர வேண்டாம். எல்லையோரக் கடையில் வரும் கேஸ்கள் பெரிய ஆஸ்பத்திரியில் கிடைக்காது. இங்கே அடிக்கடி வரும் ஒரு வகையை எடுத்துக்கொள்வோம். 68 வயது அம்மா, எடை 48 கிலோ. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிரஷருக்கு அம்லோடிபின் 5 மி.கி.யும் சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் வருகின்றன. நெஞ்சுவலிக்குத் திருவனந்தபுரத்தில் காட்டியபோது டெல்மிசார்டானும் அம்லோடிபின் 5 மி.கி.யும் சேர்ந்த கூட்டு மாத்திரை எழுதியிருக்கிறார்கள். பெயர் வேறு, நிறம் வேறு. இரண்டும் உள்ளே போகின்றன. அம்லோடிபின் 10 மி.கி. ஆகிக் கால் வீங்குகிறது. வீக்கத்துக்கு இன்னொரு டாக்டர் நீர் பிரிய ஃப்யூரோசெமைடு எழுதுகிறார். முட்டுவலிக்குக் கடையில் வாங்கிய டைக்ளோஃபெனாக் வேறு. டெல்மிசார்டான், ஃப்யூரோசெமைடு, டைக்ளோஃபெனாக் மூன்றும் சேர்ந்தால் சிறுநீரகம் அடிவாங்கும். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் 1.6.

“என்ன மருந்து சாப்பிடுறீங்க?” என்று கேட்டால் “பிரஷர் குளிகை” என்று மட்டுமே பதில் வரும். “அம்மா, வீட்ல இருக்க எல்லாக் குளிகையும் கவரோட எடுத்துட்டு வாங்க, சர்க்கார் ஆஸ்பத்திரில தந்ததும் சேர்த்து. அரிஷ்டம், கஷாயம் இருந்தா அதையும்” என்று கேளுங்கள். அரிஷ்டத்தை மருந்தாகவே பலர் எண்ணுவதில்லை. அதில் நொதித்து உண்டாகும் மதுச்சாரம் உண்டு. மதுச்சாரத்தோடு சேரக் கூடாத மெட்ரோனிடசோல் எழுதிய சீட்டு வந்தால் அரிஷ்டத்தைப் பற்றிக் கேட்காமல் விடக் கூடாது.

கேஸ் ரிப்போர்ட் எழுதும்போது முதல் அடி அலகில் விழும். நம் லேப் மி.கி./டெ.லி. தரும், பிரிட்டிஷ் மதிப்பீட்டாளர்கள் மோல் கணக்கில் படிப்பார்கள். கிரியேட்டினினை 88.4ஆல் பெருக்குங்கள்: 1.6 என்பது 141 மைக்ரோமோல்/லிட்டர். குளுக்கோஸை 18ஆல் வகுக்கவும். பிளட் யூரியாவை 6ஆல் வகுக்கவும். ஆனால் ரிப்போர்ட்டில் பி.யூ.என். (யூரியாவில் உள்ள நைட்ரஜன் மட்டும்) என்று இருந்தால் 2.8ஆல். இரண்டையும் குழப்பினால் யூரியா பாதியாகவோ இரண்டு மடங்காகவோ தெரியும். மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் ஹெச்.பி.ஏ1சி 7 சதவீதம் அவர்களுக்கு 53 மில்லிமோல்/மோல், 8 சதவீதம் 64.

சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று கணக்கிட அந்த அம்மாவுக்குக் காக்கிராஃப்ட்–கால்ட் சூத்திரத்தைப் போட்டால்: 140-லிருந்து 68 கழித்தால் 72; 72 × 48 ÷ (72 × 1.6) = 30; பெண் என்பதால் 0.85ஆல் பெருக்க 25.5 மி.லி./நிமிடம். அதே ரத்தத்தைச் சி.கே.டி.–எபி 2021 என்ற இன்னொரு சூத்திரத்தில் போட்டால் இ.ஜி.எஃப்.ஆர். (வடிகட்டும் வேகத்தின் மதிப்பீடு) ஏறத்தாழ 35 வரும். எதை நம்புவது? மெட்ஃபார்மின் வரம்புகள் இ.ஜி.எஃப்.ஆர். அடிப்படையில் உள்ளன: 30க்குக் கீழே கூடாது, 45க்குக் கீழே அளவைக் குறைக்க யோசிக்க வேண்டும். ஆகவே 35 என்பதை வைத்து மெட்ஃபார்மின் அளவைக் குறைத்துக் கண்காணிக்கலாம். ஆனால் இதே அம்மா இதய வார்டில் சேர்ந்து ரத்தம் உறையாமல் தடுக்கும் எனாக்ஸாபரினைச் சிகிச்சை அளவில் போடும் நிலை வந்தால் காக்கிராஃப்ட்–கால்ட் தந்த 25.5தான் கணக்கு, கிலோவுக்கு 1 மி.கி. நாளுக்கு ஒரு முறை. கிரியேட்டினின் ஏறிக்கொண்டோ இறங்கிக்கொண்டோ இருக்கும்போது இரண்டு எண்ணுமே நம்பத்தக்கதல்ல என்பதையும் எழுத வேண்டும். இந்த ஒரு பத்திதான் சாதாரண கேஸ் ரிப்போர்ட்டையும் நல்லதையும் பிரிக்கிறது. எண்ணை மட்டும் எழுதிவிட்டு ஏன் அந்தச் சூத்திரம் என்று சொல்லாமல் விடுவதே நம்மவர்கள் மதிப்பெண் இழக்கும் இடம்.

பக்கவிளைவுக்கு மருந்துதான் காரணமா என்று மதிப்பிடும் நரஞ்சோ அளவுகோலிலும் இதே கதை. 10 கேள்விகள், 9உம் அதற்கு மேலும் உறுதி, 5 முதல் 8 பெரும்பாலும், 1 முதல் 4 இருக்கலாம். கால் வீக்கத்துக்கு முன்பே சான்றுகள் உண்டு, 1. மருந்துக்குப் பின் வந்தது, 2. அளவைக் குறைத்ததும் வீக்கம் குறைந்தது, 1. நேரில் பரிசோதித்து உறுதி செய்தது, 1. அம்லோடிபினை முழுக்க நிறுத்தவில்லை, 10லிருந்து 5 ஆக்கினோம் என்பதால் ‘நிறுத்தியதும் குறைந்ததா’ என்ற கேள்விக்கு 0. வேறு காரணம் இருக்கலாமா? சிறுநீரகம் இருக்கிறதே, கழித்தல் 1. மொத்தம் 4, ‘இருக்கலாம்’. வேறு காரணம் இல்லை என்று அவசரத்தில் கூட்டல் 2 போட்டால் 7 வந்து ‘பெரும்பாலும்’ ஆகிவிடும். மதிப்பிடுபவர் முதலில் விரல் வைப்பது இந்த இடத்தில்தான். கேஸை மருந்துகளின் பக்கவிளைவுகளைப் பதிவு செய்யும் இந்தியாவின் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கும் (பி.வி.பி.ஐ.) அனுப்பிவையுங்கள். இலவச எண் 1800-180-3024.

கூட்டு மாத்திரைகளை பிராண்ட் பெயரில் எழுதாதீர்கள். பிரிட்டிஷ் ஆசிரியருக்கு நம் கூட்டு மாத்திரைகளில் பாதி புதிது. ஒவ்வொரு மூலப்பொருளும் அளவும் தனித்தனியாக வேண்டும். சிகிச்சை வழிகாட்டுதலைப் பிரிட்டனின் நைஸ் அமைப்பிலிருந்து எடுத்தால், சர்க்கரை நோயுள்ளவருக்கு எந்த வயதிலும் முதலில் பிரஷருக்கு ஏ.சி.இ. தடுப்பான் அல்லது ஏ.ஆர்.பி. (டெல்மிசார்டான் வகை) என்பதைச் சொல்லி, இந்த நோயாளிக்கு அது பொருந்துகிறதா என்று வாதாடுங்கள். அப்படியே எடுத்து ஒட்டினால் நகலைக் கண்டுபிடிக்கும் டர்னிட்டின் மென்பொருள் சிவப்பாகும், மதிப்பெண்ணும் வராது.

பரிந்துரையை யாரிடம் கொடுப்பது என்பது எல்லைக்கே உரிய தலைவலி. எழுதிய டாக்டர் அந்தப் பக்கம், நோயாளி இந்தப் பக்கம். ஒரு பக்கக் கடிதம் ஆங்கிலத்தில் எழுதி அடுத்த ஓ.பி.க்குப் போகும்போது கொடுத்தனுப்புவதே நடைமுறையில் வேலை செய்கிறது: பிரச்சினை, சான்று, ஒரே ஒரு யோசனை. ஏற்கப்படவில்லை என்றாலும் அதை அப்படியே பதிவு செய்யுங்கள். ஏற்கப்படாத பரிந்துரைக்கு மதிப்பெண் குறையாது, முடிவு என்ன ஆனது என்று பின்தொடராததற்குக் குறையும்.

ஒப்புதல் படிவம் தமிழ், மலையாளம் இரண்டிலும் வேண்டும். தமிழ் பேசி மலையாளம் மட்டும் வாசிப்பவர்கள் பாறசாலைப் பக்கம் உண்டு, அதற்கு நேர்மாறானவர்கள் இந்தப் பக்கம் உண்டு. கேஸ் ரிப்போர்ட்டில் பெயர், ஐ.பி. எண் (உள்நோயாளி எண்) நீக்கினால் போதாது. ஊர், தொழில், வயது மூன்றும் சேர்ந்தால் இங்கே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மாத்திரை ஸ்ட்ரிப்பைப் படம் எடுத்துச் சேர்த்தால் அதில் கடை பில் தெரியக் கூடாது.

பணிகளை அனுப்பும் கெடு பிரிட்டன் நேரத்தில்தான். அங்கே மாலை 4 மணி, குளிர்காலத்தில் நமக்கு இரவு 9.30, மார்ச் கடைசி ஞாயிறு முதல் அக்டோபர் கடைசி ஞாயிறு வரை 8.30. அந்த ஒரு மணி நேரத்தில் சிக்குபவர்கள் ஒவ்வொரு ஏப்ரலிலும் இருக்கிறார்கள். ஆன்லைன் தேர்வுக்கு இன்வெர்ட்டரும் இரண்டாவது நெட் இணைப்பும் போதும்.

எம்.எஸ்சி. ஆய்வுக்கு எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இரண்டு இடத்தில்: பல்கலைக்கழகத்திலும், ஆஸ்பத்திரியிலும். ஆடிட்டா, ஆராய்ச்சியா என்று கமிட்டியே எழுத்தில் சொல்லட்டும். தரவு எடுக்கத் தொடங்கிய பிறகு கிடைக்கும் அனுமதி முன்பு எடுத்ததைக் காப்பாற்றாது.

பட்டம் கைக்கு வந்தபின் பிரிட்டனில் பதிவு தானாகக் கிடைக்காது. அதற்கு அங்கே போய் ஓ.எஸ்.பி.ஏ.பி. என்ற தனிப் படிப்பும், 52 வாரப் பயிற்சியும், பதிவுத் தேர்வும் உண்டு. மருந்து எழுதும் உரிமைக்கான பாடமும் அந்நாட்டுக் கவுன்சிலில் பதிவு பெற்றவர்களுக்கே. இங்கே கல்லூரி ஆசிரியர் வேலைக்கு எம்.ஃபார்முக்கு ஈடாக எண்ணி விண்ணப்பிக்க வேண்டாம். மதிப்பெண் பட்டியலோடு ஒவ்வொரு பாடத்தின் கையேட்டையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். படித்து முடித்ததும் பல்கலைக்கழக இணையதளத்தில் உங்கள் கணக்கு மூடப்படும்; பின்னாளில் பாடவிவரம் கேட்பவர்களுக்குக் காட்ட வேறு ஆதாரம் இருக்காது.